வில்லங்கம்: ஊர்க்காரர்கள்

இடம் விற்பனைக்கு இல்லை, குத்தகைக்கு. பத்து வருஷக் குத்தகை. ஏக்கருக்கு வருஷ வாடகை ஒன்றரை டாலர். ஐந்து வருஷம் கழித்து இரண்டு டாலர் ஆகும், அதற்காக மன்னிக்கவும். மலை இருக்கிறது, பனி உருகி இறங்கும் ஓடை இருக்கிறது, மான் இருக்கிறது. ஏலத்தில் யாரும் கேட்காமல் விட்ட துண்டு என்றால் இன்னும் வசதி: அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போய், பிளாட்பாரம் டிக்கெட் எடுப்பது மாதிரி கவுண்டரில் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்கிறீர்களா? அமெரிக்க மக்கள் அத்தனை பேரும். அதனால்தான் இந்த விலை. ஒற்றை ஆள் சொந்தக்காரராக இருந்திருந்தால் உட்கார்ந்து பேரம் பேசியிருப்பார்.

பல காலம் நடப்பில் இருந்த விலைப்பட்டியல் இது. அமெரிக்காவின் நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. ஏழரைத் தமிழ்நாடு. (ஏழரை என்று நான் வேண்டுமென்றே வைக்கவில்லை, வகுத்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.) பெரும்பாலும் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும். மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிம உரிமையைச் சேர்த்தால் கணக்கு 70 கோடி ஏக்கருக்குப் போகிறது. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கத்தான் இந்தக் குத்தகை. 1920-இல் போட்ட கனிமக் குத்தகைச் சட்டம்தான் இத்தனைக்கும் மூலப்பத்திரம். எடுக்கிற எண்ணெயில் அரசுக்கு மேல்வாரம் எட்டில் ஒரு பங்கு. நூறு வருஷம் அந்த விகிதம் அசையவில்லை. உலகப் போர் வந்து போனது, சந்திரனுக்கு ஆள் போய் வந்தான், எட்டில் ஒன்று எட்டில் ஒன்றாகவே இருந்தது. 2022-இல் துணிச்சலாக ஆறில் ஒன்று என்று ஏற்றினார்கள். மூன்றே வருஷத்தில் இறக்கியும் விட்டார்கள். நம் ஊர்ப் பண்ணையார் எவராவது எட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வரப்போரம் சும்மா நின்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பண்ணையாரிடம் இல்லாத தாராளம் அமெரிக்க அரசுக்கு உண்டு, எண்ணெய்க் கம்பெனி விஷயத்தில் மட்டும்.

எந்த இடத்தை ஏலம் விடலாம் என்று அரசு மூளையைக் கசக்குவதில்லை. கம்பெனி வரைபடத்தைப் பார்க்கும், விரலை வைக்கும், ‘இந்த இடத்தில் எங்களுக்கு விருப்பம்’ என்று ஒரு கடிதம் போடும். பெண் பார்க்க வருகிறவர்கூடத் தன் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே அது பல காலம் கட்டாயமாக இருக்கவில்லை. பெயர் தெரியாத ஒருவர் உங்கள் ஊரை விரும்புகிறார், அவ்வளவுதான் தகவல்.

2011 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தின் நார்த் ஃபோர்க் பள்ளத்தாக்கைப் பெயர் தெரியாத ஒருவர் இப்படித்தான் விரும்பினார். 22 துண்டுகள், ஏறத்தாழ 30,000 ஏக்கர். பயோனியா, ஹாட்ச்கிஸ், கிராஃபோர்ட் என்று சின்னச் சின்ன ஊர்கள். மாவட்டத்தின் பெயர் டெல்டா. அதுவும் நான் வைத்தது இல்லை.

செர்ரி, பீச், ஆப்பிள், திராட்சை விளையும் பூமி. இயற்கை விவசாயத்துக்குப் பேர்போன இடம். மழையை நம்பினால் அங்கே கள்ளிதான் முளைக்கும். மலையில் விழுந்த பனி வசந்தத்தில் உருகி, ஓடையாகி, வெட்டிய வாய்க்காலில் ஏறி, மடை திறந்து தோட்டத்துக்கு வருகிறது. பூ பூத்த நேரத்தில் ஒரே ஓர் இரவு உறைபனி இறங்கினால் அந்த வருஷ மகசூல் போச்சு. இப்படி ஒவ்வொரு வருஷமும் வானத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவர்கள் கையில்தான் ஏல அறிவிப்பு வந்து விழுந்தது. அதன் மொழி தனி மொழி. டவுன்ஷிப் இத்தனை தெற்கு, ரேஞ்ச் இத்தனை மேற்கு, செக்‌ஷன் எண் இது, வடமேற்குக் காலின் தென்கிழக்குக் கால். அதில் எங்கேயும் செர்ரி என்ற சொல் கிடையாது, வாய்க்கால் கிடையாது, ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்று கிடையாது. அந்தத் தென்கிழக்குக் கால் யார் வீட்டுக் கொல்லையில் விழுகிறது என்பதைப் படிக்கிறவரே வரைபடத்தை விரித்து, பென்சில் பிடித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏலத்துக்குத் துறை ஆதாரமாகக் காட்டியது ஒரு நிலப் பயன்பாட்டுத் திட்டம். எழுதிய வருஷம் 1989. பெர்லின் சுவர் விழுந்த வருஷம். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி வந்தது, இயற்கை விவசாயச் சான்றிதழ் வந்தது. எண்ணெய்த் துறையிலோ பூமிக்கடியில் பக்கவாட்டில் மைல் கணக்கில் துளையிட்டுப் பாறையை உடைக்கும் வித்தை பெருகியது. துறைக்கு மட்டும் காலண்டர் கிழிக்க ஆள் இல்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் பூமியில் கையே வைக்கக்கூடாது என்று சொல்லும் சாமியார்களும் இல்லை. பக்கத்தில் சாமர்செட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நிலக்கரி வெட்டுகிறார்கள். சுரங்கத்துக்குப் போனவர் மகனும் பழத்தோட்டக்காரர் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஊர். தோண்டினால் என்ன வரும், தோண்டி முடித்தபின் என்ன மிஞ்சும் என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் கூட்டம் கூட்டமாக எதிர்த்தார்கள். 2012 மே மாதம் துறை ‘ஒத்திவைப்பு’ என்றது. அந்த வருஷம் முடிவதற்குள் அதே பள்ளத்தாக்கு, இந்த முறை 20 துண்டுகள், சுமார் 20,000 ஏக்கர் என்று திரும்பி வந்தது. ஏல நாள் 2013 பிப்ரவரி 14. காதலர் தினம் பார்த்துத்தான் குறித்தார்களோ என்னவோ. ஏலத்துக்கு முந்தைய வாரம் அதையும் ஒத்திவைத்தார்கள். அந்த ரகசியக் காதலர் யார் என்று கேட்டு ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவு போட்டதும் அதே பிப்ரவரியில்தான்.

ஒத்திவைப்பு என்பதைக் கவனியுங்கள். ரத்து இல்லை. கடன்காரன் வாசலில் நின்று ‘சரி, அடுத்த வாரம் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதை யாரும் கடன் தள்ளுபடி என்று கொண்டாடுவதில்லை.

பொதுநிலம்தானே, உங்கள் சொந்தத் தோட்டத்திலா கை வைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு 1916-இல் போட்ட இன்னொரு சட்டம் இருக்கிறது. கால்நடை வளர்க்கக் குடியேறும் குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: புல் உனக்கு, புல்லுக்குக் கீழே இருப்பது எனக்கு. குளிரில் வந்து இறங்கிய தாத்தா சரி என்று கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தேவைப்பட்டது புல்தான். மேலே தனியார், அடியில் அரசு என்று இப்படிப் பிளந்து கிடக்கும் நிலம் இன்று சுமார் 5.7 கோடி ஏக்கர். பேரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது லாரி வந்து நிற்கலாம். நியாயமான அளவுக்கு மேல்மண்ணைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை குத்தகைதாரருக்கு உண்டு. பேரனோடு பேசி உடன்பாடு செய்துகொள்ள முயற்சி செய்ய வேண்டும். முயற்சி பலிக்காவிட்டால்? குறைந்தது ஆயிரம் டாலருக்கு ஒரு ஜாமீன் கட்டிவிட்டு உள்ளே போகலாம். ஆயிரம். ஒரு நல்ல கன்றுக்குட்டிகூட அந்த விலைக்கு வராது.

சரி, ஜனநாயக நாடு, மனு கொடுக்கலாம் அல்லவா? தாராளமாக. ஆனால் எப்படி எழுத வேண்டும் என்று துறையின் கையேட்டில் இருக்கிறது. ‘எதிர்க்கிறேன்’ என்று காரணம் காட்டாமல் சொன்னால் அது பொருட்படுத்தத் தக்க கருத்து ஆகாது. ‘எங்க அப்பா வெச்ச மரம், ஐயா’ என்பது கருத்து இல்லை, உணர்ச்சி. நிலத்தடி நீரோட்டம், பாறை அடுக்கு, காற்றில் கலக்கும் வேதிப்பொருள், கடமானின் வலசைப் பாதை இவற்றைப் பற்றித் துறையின் ஆய்வில் எங்கே ஓட்டை என்று பக்க எண் போட்டுக் காட்டினால்தான் கருத்து. ஆகவே செர்ரிக்காரர் இரவில் நீரியல் படித்தார், மாட்டுக்காரர் வளிமண்டல வேதியியல் படித்தார். கம்பெனிக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை. அது எழுத வேண்டியது ஒரே வரி: எனக்கு விருப்பம். அந்த உணர்ச்சிக்கு யாரும் பக்க எண் கேட்கவில்லை.

படித்துத் தேறிவிட்டார்களே என்று 2018 ஜனவரியில் விதியை மாற்றினார்கள். ஏலத்தை ஆட்சேபிக்க இருந்த 30 நாள் 10 நாள் ஆனது. ஊர் மக்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்பது அதிகாரியின் விருப்பம் என்றானது. பத்து நாளில் அறிவிப்பைப் பார்த்து, செக்‌ஷன் எண்ணைப் பிடித்து, ஆய்வறிக்கை படித்து, ஆட்சேபம் எழுதி அனுப்ப வேண்டும், நடுவில் மாட்டுக்குத் தண்ணீரும் காட்ட வேண்டும். 2020 பிப்ரவரியில் ஐடஹோ நீதிமன்றம் இது சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்லி, சேஜ் கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வாழும் நிலங்களில் இந்த அவசரத்தில் விற்ற குத்தகைகளை ரத்து செய்தது. நம் டெல்லி இதைவிட நேர்மை என்று சொல்ல வேண்டும். பத்து நாள் எதற்கு என்று நேரடியாகவே கேட்டது. 2020 ஜனவரி 16 அன்று வந்த அறிவிக்கையில், எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல்காரர்கள் 2017-இல் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்ததில் டெல்லி கற்றுக்கொண்ட பாடம் அது: கேட்டால்தானே பதில் சொல்வார்கள்.

மனு வேண்டாம், முறைப்படி ஏலத்திலேயே எடுத்துவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றியது. 2008 டிசம்பர் 19, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. புஷ் ஆட்சியின் கடைசி நாட்கள், கடையை மூடுவதற்குள் சரக்கைத் தள்ளிவிடும் அவசரம். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களுக்குப் பக்கத்து நிலங்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. டிம் டிகிறிஸ்டஃபர், பொருளாதாரம் படிக்கும் மாணவர், வயது 27, எதிர்ப்புத் தெரிவிக்கத்தான் போனார். ஏலம் கேட்க வந்தீர்களா என்று வாசலில் கேட்டார்கள். ஆமாம் என்றார். 70 என்று எண் போட்ட அட்டையைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவரும் அட்டையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே இருந்தார். 14 துண்டுகள், சுமார் 22,500 ஏக்கர், ஏறத்தாழ 18 லட்சம் டாலர். கையில் காசு இல்லை.

இரண்டே மாதத்தில் புதிய உள்துறைச் செயலர் அந்த ஏலத்தில் போன 77 குத்தகைகளை நிறுத்தினார். அவசரப்பட்டுவிட்டார்கள், பூங்காக்களுக்கு மிக அருகில் என்று அரசே ஒப்புக்கொண்டது. அப்படியானால் ஏலத்தைக் குலைத்தவருக்கு ஒரு நன்றிக் கடிதமாவது போயிருக்க வேண்டுமே? குற்றப்பத்திரிகை போனது. அந்தக் குத்தகைகளை அரசே பின்னர் நிறுத்திவிட்டது என்று ஜூரிகளிடம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. 2011 ஜூலையில் தண்டனை: இரண்டு வருஷம் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம். நடந்திருக்கவே கூடாத ஏலத்தை நடத்திய எவரும் ஒரு ராத்திரிகூட உள்ளே படுக்கவில்லை. நடந்திருக்கவே கூடாத ஏலத்தை நடக்க விடாமல் செய்தவர் களி தின்றார்.

தப்பு, அவர் காசு கட்டவில்லை. காசு கட்டினால்?

அதையும் ஒருவர் பார்த்தார். டெர்ரி டெம்பெஸ்ட் வில்லியம்ஸ், யூட்டாவின் பேர்பெற்ற எழுத்தாளர். 2016 பிப்ரவரியில் அதே சால்ட் லேக் சிட்டி ஏலத்துக்குப் போனார். யாரும் கேட்காமல் விட்ட துண்டுகளில் 1,120 ஏக்கரை, மேலே சொன்ன ஒன்றரை டாலர் வாடகைக்கு, கவுண்டரில் பணம் கட்டி எடுத்தார். முறைப்படி ஒரு கம்பெனியும் தொடங்கினார். பிறகு ஒரு தப்பு செய்தார். உண்மையைப் பேசினார். இந்த எண்ணெயை நான் எடுக்கப் போவதில்லை, பூமிக்குள்ளேயே இருக்கட்டும் என்று பத்திரிகையில் எழுதினார். அக்டோபரில் துறை குத்தகையை ரத்து செய்தது. காரணம்: குத்தகைதாரர் முனைப்போடு தோண்ட வேண்டும் என்பது நிபந்தனை, உங்களுக்குத் தோண்டும் எண்ணம் இல்லை.

எண்ணத்துக்குத் தண்டனை. சரி. அந்தக் காலகட்டத்தில் அமெரிக்கப் பொதுநிலத்தில் குத்தகையில் இருந்தது சுமார் 2.7 கோடி ஏக்கர். எண்ணெயோ வாயுவோ எடுத்துக்கொண்டிருந்தது அதில் ஏறத்தாழ பாதியில்தான். மிச்சப் பாதியைக் கம்பெனிகள் கையில் வைத்துக்கொண்டு, சொத்துக் கணக்கில் எழுதி, முதலீட்டாளர்களுக்குக் காட்டிக்கொண்டு, விலை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கோடி ஏக்கருக்கு மேல் சும்மா கிடக்கிறது, ‘உன் எண்ணம் என்ன’ என்று எந்த அதிகாரியும் கடிதம் போடவில்லை. 1,120 ஏக்கரை ஓர் எழுத்தாளர் சும்மா போட்டால் அரசு இயந்திரம் முழு வேகத்தில் விழித்துக்கொள்கிறது. நிலத்தைத் தரிசாகப் போடலாம், தடையில்லை. பேராசையால் போட வேண்டும். அன்பால் போட்டால் ஒப்பந்த மீறல்.

‘நீங்களும் காரில்தானே போகிறீர்கள், பெட்ரோல் எங்கிருந்து வருகிறது’ என்று வழக்கமாக ஒரு குரல் எழும். எல்லா ஊரிலும் எழும், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும். ஐயா, சும்மா கிடக்கும் அந்தப் பாதியிலிருந்து ஒரு லிட்டர்கூட உங்கள் வண்டிக்கு வரவில்லை. அங்கே போய் முதலில் கேளுங்கள்.

தோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு வயோமிங் மாநிலத்தின் சப்லெட் மாவட்டம் இருக்கிறது. 2010 வாக்கில் மொத்த மக்கள்தொகை பத்தாயிரம் அளவு. கண்ணுக்கு எட்டிய தூரம் புதரும் பனியும் மானும். அங்கே ஜோனா, பைன்டேல் என்று இரண்டு பெரிய எரிவாயு வயல்கள். 2011 மார்ச்சில் அந்த வெட்டவெளியில் ஓசோன் அளவு, புகைமூட்டத்துக்கு உலகப் புகழ் பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் அதற்கு முந்தைய வருஷம் தொட்ட உச்சத்தையும் தாண்டியது. காற்று அசையாத குளிர்காலம். கிணறுகளும் எஞ்சின்களும் விட்ட ஆவி தரையோடு தங்கிவிடும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் அதை ஓசோனாகச் சமைத்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் வெளியே வராதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. நகரத்துப் புகை பிடிக்காமல் மலைக்குப் போய்க் குடியேறியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எடுத்து முடித்தபின் கிணற்றை மூட வேண்டும். அதற்குக் கம்பெனி கட்டி வைத்த குறைந்தபட்ச ஜாமீன் ஒரு குத்தகைக்குப் பத்தாயிரம் டாலர். இது 1960-இல் நிர்ணயித்த தொகை. ஒரு மாநிலம் முழுவதிலும் உள்ள அத்தனை கிணறுகளுக்கும் சேர்த்து ஒரே ஜாமீன் என்றால் 25,000. அது 1951-இல் நிர்ணயித்தது. 2024 வரை மாற்றவில்லை. ஒரே ஒரு கிணற்றை மூடிச் சீர்செய்ய 20,000 டாலரிலிருந்து 1,45,000 டாலர் வரை ஆகிறது என்று அரசின் தணிக்கை அலுவலகமே கணக்குச் சொன்னது. பிறகென்ன, கம்பெனி திவால், கிணறு அநாதை. அநாதைக் கிணறுகளை மூட 2021-இல் ஒதுக்கிய பொதுப்பணம் 470 கோடி டாலர். லாபத்துக்கு அப்பா இருந்தார். குழிக்கு மட்டும் ஊரார் அப்பா.

அதே சப்லெட் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஹோபேக் ஆற்றின் தலைப்பகுதி. பக்கத்தில் பாண்டுராண்ட் என்ற சிற்றூர். வயோமிங் மலைத்தொடரில் அங்கே 136 கிணறுகள் தோண்ட ஒரு கம்பெனி திட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் வேட்டைக்காரர்கள், பண்ணைக்காரர்கள், வழிகாட்டிகள். எரிவாயு வயலில் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்த மலை மட்டும் வேண்டாம் என்றவர்களும் உண்டு. குடியரசுக் கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப்போடும் மாநிலம் அது. அவர்களைக் கம்யூனிஸ்ட் என்று சொல்ல வாய் வராமல் பலர் தவித்தார்கள். 2009-இல் சட்டமே வந்தது: 12 லட்சம் ஏக்கரில் இனிப் புதிய குத்தகை கிடையாது. ஆனால் ஏற்கெனவே விற்ற குத்தகை விற்றதுதான். அது புனிதம். கடைசியில் 2012 அக்டோபரில் ஓர் அறக்கட்டளை அந்தக் கம்பெனியின் 58,000 ஏக்கர் குத்தகையை விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது, நன்கொடை திரட்டி வாங்கி முடித்துவைத்தது. விலை 87.5 லட்சம் டாலர்.

விற்றவர்: பொதுமக்கள் பெயரில் அரசு. நிலம்: பொதுமக்களுடையது. திருப்பி வாங்கப் பணம் கொடுத்தவர்கள்: பொதுமக்களில் சிலர். நடுவில் கல்லாவை மூடிக்கொண்டு கிளம்பியவர் ஒரே ஒருவர்தான். அதுவும் ஒரு கிணறுகூடத் தோண்டாமல். வேண்டாம் என்று சொல்லி பொதுநிலத்தைச் சட்டப்படி எடுக்க முயன்ற எழுத்தாளருக்கு ரத்துக் கடிதம், மாணவருக்குச் சிறை. வேண்டும் என்று சொல்லி எடுத்தவரிடமிருந்து மீட்கப் போனால் மட்டும் ஒப்பந்தம், கைகுலுக்கல், பத்திரிகைப் படம்.

இப்போதைய நிலவரம் கேட்கிறீர்களா. பயோனியாவில் ஒவ்வொரு ஜூலை 4-ஐ ஒட்டியும் செர்ரித் திருவிழா நடக்கும், ஊர்வலம் போகும். 2025 ஜூலை 4 அன்று வாஷிங்டனில் அதிபர் டிரம்ப் தன் பெரிய, அழகான மசோதாவில் கையெழுத்துப் போட்டார். மேல்வாரம் மறுபடி எட்டில் ஒன்றுக்கு இறங்கியது அதில்தான். 2022-இல் இழுத்து மூடிய, போட்டியே இல்லாத அந்தக் கவுண்டர் விற்பனைக்கும் மறுபடி ஷட்டர் தூக்கினார்கள். கொலராடோ, யூட்டா, வயோமிங் உள்பட ஒன்பது மாநிலங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏலம் நடந்தே ஆக வேண்டும். கம்பெனிகள் விரல் வைத்த இடங்களில் ஏலத்துக்குத் தகுதியானவற்றில் பாதியாவது ஏலத்துக்கு வந்தே ஆக வேண்டும். வரலாம் இல்லை, வந்தே ஆக வேண்டும். பத்து வருஷம் நீரியல் படித்த செர்ரிக்காரர் பக்க எண்ணோடு மனு எழுதிக்கொண்டு போகலாம். அதிகாரி முழுக்கப் படித்து, மனம் மாறி, ‘நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி’ என்று கண்கலங்கவும் செய்யலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதியை ஏலம் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து அடுத்த பட்டியலைப் பிரிக்க வேண்டியதுதான் அவர் வேலை.